அக்கா வீட்டில் இரண்டு புகை

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்காக வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தம்பியின் வணக்கம். "மாமா, நினைவு மலருல அம்மாவைப் பத்தி நீங்கதான் எழுதணும்" என்று அக்கா மகள் கேட்டபோது, "உங்கம்மாவைப் பத்தி எழுத எனக்கு அரை மணி நேரம் போதும்மா" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். சொல்லி மூன்று வாரம் ஆகிறது. கடையில் மருந்துப் பொட்டலம் மடிக்க வைத்திருக்கும் தாளில் எழுதி எழுதிக் கிழித்துப் போட்டதில், பொட்டலம் கட்டத் தாள் இல்லை என்று வீட்டில் என் மனைவி சத்தம் போடுகிறாள். அக்காவின் நல்ல குணங்களை எழுதுவது சுலபம். ஆனால் நான் செய்த ஒரு தவறைச் சொல்லாமல் அவர் கதையைச் சொல்ல முடியாது என்பது எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது கூரம் கிராமத்தில். அவருக்கு ஏழு வயதாகி, நான் கைக்குழந்தையாக இருந்தபோது, எங்கள் பெற்றோர் தறிக்காரர்கள் நிறைந்த பிள்ளையார்பாளையத்துக்குக் குடிவந்தார்கள். அப்பா கூலிக்குப் பட்டு நெய்தார். அக்கா எட்டாம் வகுப்பு முடிக்கும் முன்பே அப்பா காலமாகிவிட்டார். அந்த வருடக் கோடை விடுமுறை முடிந்து எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போனபோது அக்கா தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தார். கால் மிதிக்கு எட்டவில்லை. மிதியின்மேல் ஒரு கட்டையை வைத்துக் கயிற்றால் கட்டிக்கொண்டார். அந்தக் கட்டையை அவிழ்க்கும் அளவுக்கு அவர் வளர்ந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

என்னைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்க வைத்தது அந்தத் தறிதான். பிறகு நான் ஒரு நாட்டு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, பின்னால் கோயில் தெருவில் சொந்தமாகக் கடை வைத்ததும் அக்காவின் தயவுதான். சுக்கு, திப்பிலி, வெட்டிவேர், பூஜைச் சாமான், ஊதுபத்தி, சாம்பிராணி எல்லாம் விற்கும் கடை. இதில் கடைசிப் பொருளை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மாமாவை அக்கா கட்டிக்கொண்டபோது தெருவில் கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது. மாமா சரக்குக் கப்பலில் எஞ்சின் ரூம் ஃபிட்டர். ஒன்பது மாதம் கடலில், மூன்று மாதம் வீட்டில். "தறி நெய்யத் தெரியாதவனுக்கா பொண்ணு குடுக்கறீங்க?" என்று பெரியவர் ஒருவர் எங்கள் அம்மாவிடம் கேட்டார். அம்மா வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அக்கா குரல் கொடுத்தார்: "நான் நெய்யறேன், அவரு கப்பலப் பாத்துக்கட்டும். ரெண்டு பேரும் தறியில உக்காந்தா யாரு சோறு வடிக்கறது?" கேட்டவர் அப்புறம் பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்தார் என்பது வேறு விஷயம்.

மகள் பிறந்த வருடம் விடுமுறையில் வந்த மாமா கையில் ஒரு புதுப் பொருள் இருந்தது. பழுப்பு மரத்தில் செய்த பைப். கப்பலில் ஒரு பெரிய எஞ்சினியர் பழக்கிவிட்டாராம். அக்கா அதைச் சுங்கான் என்பார். கூடத்தில் நாற்காலியைப் போட்டு, தகர டப்பாவிலிருந்து புகையிலையைக் கிள்ளி அதில் அடைத்து, கட்டை விரலால் அழுத்தி, தீக்குச்சியைச் சுற்றிச் சுற்றிக் காட்டி மாமா பற்றவைக்கிற அழகைப் பார்க்கத் தெருப்பிள்ளைகள் வாசலில் கூடும். டப்பாவைத் திறந்தால் திராட்சையும் வெல்லமும் கலந்த மாதிரி ஒரு வாசனை வரும். நல்ல வாசனைதான். அதை அப்போது நான் ஒப்புக்கொண்டதில்லை, இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அதே வீட்டில் வெள்ளிக்கிழமை தோறும் அக்காவின் புகை. தலைக்குக் குளித்து, ஈரத் தலையைத் துண்டால் முடிந்துகொண்டு, பித்தளைத் தூபக்காலில் கரி நெருப்பை அள்ளிப் போட்டு, அதன்மேல் சாம்பிராணித் தூளைத் தூவுவார். முதலில் சாமி படம், அப்புறம் தறி, அப்புறம் மகளின் கூந்தல், கடைசியாகத் தன் கூந்தல். தறியைச் சுற்றி மூன்று முறை வருவார். "இதுக்கும் உசுரு இருக்குதுபா" என்பார். கம்ப்யூட்டர் சாம்பிராணி என்று சின்னக் கிண்ணம் கிண்ணமாக வந்த காலத்தில் ஒரு டப்பா கொண்டுபோய்க் கொடுத்தேன். "கம்ப்யூட்டருக்கு இன்னாடா தெரியும் சாமியப் பத்தி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இரண்டு புகையையும் நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மாமாவின் புகை நீலமாக, மெலிசாக எழுந்து உத்தரத்துக்குப் போய் அங்கேயே தங்கும். அக்காவின் புகை வெள்ளையாக, கனமாக, அறையை அப்படியே நிரப்பும். ஒன்று நாற்காலியில் உட்கார்ந்து விடுவது, இன்னொன்று நின்று காட்டுவது. ஒன்றுக்குக் கால்மேல் கால், இன்னொன்றுக்குக் கைகூப்பல். வீட்டுக்குள் இதை வைத்து ஒரு செல்லச் சண்டை ஓயாமல் நடக்கும்.

"ஏங்க, இது இன்னா எஞ்சின் ரூமா? வூட்டுக்குள்ள புகைய வுட்டுக்கினு!"

"உன் சாம்பிராணி மட்டும் இன்னா, பனியா?"

"அது சாமிக்கு."

"இது ஆசாமிக்கு."

நான் எப்போதும் அக்கா கட்சி. வருடத்துக்கு மூன்று மாதம்தானே என்று அக்கா பொறுத்துக்கொண்டார். மாமா ஓய்வு பெற்று வீட்டோடு வந்த பிறகு மூன்று மாதம் பன்னிரண்டு மாதம் ஆனது. அப்போதுதான் ஓர் அரக்கு நிறப் புடவை விஷயம் வந்தது.

யாரோ ஒரு கல்யாணப் பெண்ணுக்கு முகூர்த்தப் புடவை. அகலக் கரை, அன்னபட்சி, அக்கா தன் கண்ணைக் கொடுத்து நெய்தார். புடவை எடுக்கிற கடைக்காரர் மடிப்பைப் பிரித்தார், முகத்துக்கு அருகே கொண்டுபோனார், நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார். "இன்னாம்மா, புகையில வாசன அடிக்குது. முகூர்த்தத்துக்கு இத எப்பிடிக் குடுக்கறது?" பட்டு வாசனையைப் பிடித்துக்கொள்ளும் என்பது நெய்கிறவர்களுக்குத் தெரியும். புடவையை எடுக்காமலே போய்விட்டார். அன்று அக்கா அழவில்லை. அதுவரை அவர் நெய்த ஒரு புடவைகூடத் திரும்பி வந்ததில்லை, அவ்வளவுதான். மாமா அன்றிலிருந்து பைப்பைக் கூடத்தோடு நிறுத்திக்கொண்டார். தறி அறைக்குள் வருவதே இல்லை.

ஆனால் அது போதாது என்று அக்காவுக்கு யோசனை சொன்ன ஒரு மகா அறிவாளி இருந்தான். நான்தான். "அக்கா, நடுக்கதவச் சாத்திக்க. தறி ரூமுல தெனமும் காலையில ஒரு வேள, சாயந்தரம் ஒரு வேள சாம்பிராணி போட்டுக்க. சாம்பிராணி வாசன ஏறிடிச்சின்னா வேற எந்த வாசனையும் பட்டுகிட்ட வராது. அது மருந்துக்கா, உடம்புக்கும் நல்லது." அசல் பால் சாம்பிராணியாகப் பொறுக்கி நானே பொட்டலம் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த புடவையில் புகையிலை வாசனை இல்லை. கடைக்காரர் தலையாட்டி எடுத்துக்கொண்டு போனார். நான் என் தோளை நானே தட்டிக்கொண்டேன்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அக்கா வீட்டுத் தறி அறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. ஆனால் அதைத் திறந்து நான் பார்த்ததில்லை. எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் அப்படித்தான். வெளிக்காற்று அடித்தால் தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு காய்ந்து இழை பட் பட்டென்று அறுந்துவிடும். அதனால் ஜன்னல் சாத்தியே இருக்கும். கொண்டி துருப்பிடித்து, சட்டத்தோடு சட்டமாக ஒட்டிக்கிடந்தது. மூடிய ஜன்னல், சாத்திய நடுக்கதவு, இரண்டு வேளைச் சாம்பிராணி, நடுவில் நாள் முழுக்க அக்கா.

அடுத்த வருடம் இருமல் வந்தது. முதலில் தூசி என்றார். பிறகு சளி என்றார். நான் கொடுத்த ஆடாதோடைக் கஷாயத்தையும் சுக்குத் தூளையும் மறுபேச்சில்லாமல் குடித்தார். மாடியில் துணி காயப்போடப் போகும்போது நடுப்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். நாலு முழம் நெய்கிற நேரத்தில் ஒரு முழம். சிறு வயதிலிருந்து பங்குனித் தேரின் பின்னால் வீதி முழுக்க நடந்து வருவது அக்காவின் வழக்கம். ஒரு வருடம்கூட விட்டதில்லை. அந்த வருடம் முதல் வீதி முடிவதற்குள் ஒரு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். தேர் திரும்பிப் போனதை உட்கார்ந்தபடியே பார்த்தார். மூச்சு உள்ளே இழுக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. அக்கா நம் கையைவிட்டுப் போய்விடுவார் என்ற பயம் எனக்கு வந்தது அன்றுதான்.

மகள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து நுரையீரல் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனாள். நாங்கள் நான்கு பேரும் போனோம். ஊதச் சொல்லி, படம் எடுத்து, எல்லாம் பார்த்துவிட்டு, "வீட்ல யாராவது பிடிக்கிறாங்களா? பீடி, சிகரெட்?" என்று டாக்டரம்மா கேட்டார்.

மாமா பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் என் விரல் அவர் முகத்துக்கு நேராக நீண்டது. "இவருதாம்மா! பைப்பு! வருஷக் கணக்கா!" என்றேன். நீதிமன்றத்தில் சாட்சி சொல்கிற மாதிரி சொன்னேன். மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

புகை பிடிக்கிறவருக்கு மட்டுமல்ல, பக்கத்தில் இருக்கிறவருக்கும் கேடுதான் என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வீட்டுக்கு வந்ததும் மாமா பைப்பை அக்கா கையில் கொடுத்து, "எங்கியாவது வெச்சிடு" என்றார். புகையிலை டப்பா குப்பைக்குப் போனது. பைப் பரணுக்குப் போனது. அத்தனை வருடப் பழக்கத்தை அந்த மனிதர் ஒரு வார்த்தையில் முடித்தார்.

நான் அதோடு விட்டேனா? கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். ஒரு வளைகாப்புப் பந்தியில், மாமா இலைக்கு முன் உட்கார்ந்திருக்கும்போதே, "அக்கா மூச்சக் குடிச்சது அந்தப் பைப்புதான்" என்று நாலு பேர் கேட்கச் சொன்னேன். மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். இந்த மலரைப் படிக்கிறவர்களில் சிலர் அந்தப் பந்தியில் இருந்தீர்கள்.

ஆறு மாதம் போயிற்று. அக்காவின் மூச்சு சரியாகவில்லை. முன்பு கொடுத்திருந்த இன்ஹேலர் என்ற உறிஞ்சு மருந்தை டாக்டரம்மா கூட்டினார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? மாமா திருட்டுத்தனமாகப் பிடிக்கிறார் என்று நினைத்தேன். ஒரு நாள் மத்தியானம் கூடத்தில் ஆணியில் மாட்டியிருந்த அவர் சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசனைதான் வந்தது. திரும்பினால் மாமா பின்னால் நிற்கிறார்.

"இன்னா மச்சான், தோய்க்கப் போடணுமா?" என்றார். நான் சட்டையை மாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

அடுத்த முறை டாக்டரம்மா மருந்துச் சீட்டைத் தள்ளி வைத்துவிட்டு அக்காவிடம், "காலையில எழுந்ததுல இருந்து உங்க வீட்ல இன்னா இன்னா நடக்குதுன்னு சொல்லுங்கம்மா" என்றார். அக்காவுக்கு உற்சாகமாகிவிட்டது. கேஸ் அடுப்பு, காபி, கோலம், குளியல் எல்லாம் சொன்னார். "அப்புறம் தறி ரூமுல சாம்பிராணி போட்டுட்டு உக்காருவேம்மா. சாயந்தரம் வெளக்கேத்தறப்ப இன்னொரு வாட்டி."

"ஜன்னல் இருக்குதா?"

"இருக்குதும்மா. தொறந்தா பாவு காஞ்சி இழ அறுந்துடும். தொறந்ததே இல்ல."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "எவ்ளோ நாளா?"

"முந்தியெல்லாம் வெள்ளிக்கெழம மட்டுந்தாம்மா. இந்த ரெண்டு மூணு வருஷமாத்தான் தெனமும் ரெண்டு வேள. சுங்கான் வாசன பட்டுல ஏறாம இருக்கணுமே."

"அம்மா, சாமிக்குக் காட்டுற புகையா, வீட்டுக்காரர் ஊதுற புகையான்னு நுரையீரலுக்குத் தெரியாது. அதுக்கு ரெண்டும் புகைதான். அவரு விட்டது ரொம்ப நல்லது. ஆனா பாதிப் புகை இன்னும் உள்ளதான் இருக்குது." டாக்டரம்மா எங்களைப் பார்த்துக் கேட்டார்: "தெனமும் போடச் சொன்னது யாரு?"

அந்த நிமிடம் மாமா என்னை நோக்கி ஒரு விரலை நீட்டியிருக்கலாம். நியாயமாக நீட்டியிருக்க வேண்டும். அவர் இரண்டு கையும் மடியிலேயே இருந்தன. "என் பைப்பு வாசனையால வந்ததும்மா அது" என்று மட்டும் சொன்னார். நான் சுவரில் ஒட்டியிருந்த நுரையீரல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. வாசலில் இறங்கியதும், "சாமிக்குப் போடறது எப்பிடிடா வெஷமாவும்? அந்தம்மாவுக்கு இன்னா தெரியும்?" என்றார். பைப்பைப் பற்றி அதே அம்மா சொன்னபோது நாங்கள் அப்படிக் கேட்கவில்லை. சாம்பிராணி தொடர்ந்தது. என் தவறு இது என்று அக்காவிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை. அதற்குப் பதிலாக, "சரக்கு வரலக்கா" என்று பொய் சொன்னேன். அக்கா எதிர்க்கடையில் வாங்கிக்கொண்டார்.

மூன்றாவது வாரம் மாமா என் கடைக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். "மச்சான், வெட்டிவேரு எவ்ளோ வெச்சிருக்கற?" என்றார். இருந்ததையெல்லாம் மூட்டையாகக் கட்டிக்கொண்டு அவர் பின்னால் போனேன். தறி அறையில் ஜன்னல் பக்கம் மண்ணெண்ணெய் டப்பாவும் ஸ்பேனரும் கிடந்தன. எஞ்சின் ரூமில் முப்பது வருடம் இருந்த கை. கால் மணி நேரத்தில் கொண்டி கழன்றது. ஜன்னல் கிறீச்சென்று திறந்தது. வெளிச்சம் நேராகப் பாவின்மேல் விழுந்தது.

"ஐயோ, பாவு போச்சி, பாவு போச்சி!" என்று அக்கா அலறினார்.

"போவாது, இரு" என்ற மாமா, மூங்கில் சட்டத்தில் வெட்டிவேரைப் பரப்பித் தட்டியாகக் கட்டினார். ஜன்னலில் அதைப் பொருத்தி, ஒரு சொம்புத் தண்ணீரை அதன்மேல் தெளித்தார். காற்று வேரில் நனைந்து உள்ளே வந்தது. பாவைத் தொட்டுப் பார்த்தார் அக்கா. இன்னொரு முறை தொட்டார். இழை காயவில்லை. அறை முழுக்க வெட்டிவேர் வாசனை. புகை இல்லாத வாசனை.

அக்கா தறி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். மாமாவிடம் கேட்டார்: "ஏங்க, சுங்கான நீங்க எப்பிடிங்க அன்னிக்கே வுட்டீங்க?"

"அன்னிக்கே வுட்டேனா? யாரு சொன்னது? தெனமும் வுட்டுக்கினு இருக்கறேன். இன்னிக்குக் காலையில கூட வுட்டேன்."

அக்கா சிரித்தார். சிரிப்பில் இருமல் வந்தது. இருமல் நின்றதும், "அப்ப நானும் தெனமும் வுடறேன்" என்றார். நான் அப்போதுதான் வாயைத் திறந்து, தினமும் போடச் சொன்னது நான்தானே அக்கா என்று சொன்னேன். "தெரியுண்டா. நீ சொன்னா போடறதுக்கு நான் இன்னா கொழந்தையா? வேரு பத்தாது, இன்னும் கொண்டா" என்றார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த தண்டனை. மறுநாள் தூபக்காலைப் புளி போட்டுத் தேய்த்துத் துடைத்து, பரணில் பைப்புக்குப் பக்கத்தில் வைத்தார். ரெண்டு பேரும் ரிட்டயர் என்றார். சாமியிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன். "வெளக்கு இருக்குது, பூ இருக்குது. புகை இல்லன்னு சாமி கோச்சிக்கினு போயிடுமா?" என்றார்.

மூச்சு ஒரே நாளில் வந்துவிடவில்லை. மாதக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முதலில் மாடிப்படி. பிறகு ஒரு முழம் இரண்டு முழமானது. உறிஞ்சு மருந்து கடைசி வரை இடுப்புச் சுருக்குப் பையில் வெற்றிலைக்குப் பக்கத்தில் இருந்தது. ஆனால் அதை எடுக்கிற நாட்கள் குறைந்தன. அதற்கடுத்த வருடப் பங்குனித் தேருக்கு அக்கா நான்கு வீதியும் நடந்தார். முன்பு உட்கார்ந்த அந்தக் கடைப் படியைக் கடக்கும்போது என் தோளைத் தட்டி, "பாத்தியா?" என்றார். நான் பார்த்தேன். கண் கலங்கிப்போய் ஒன்றும் தெரியவில்லை என்பதுதான் உண்மை.

அதன்பின் எங்கள் அக்கா எங்களோடு ஆறு வருடம் இருந்தார். மூச்சு முட்டாத ஆறு வருடம். பேத்தி பிறந்தபோது, குளிப்பாட்டிய குழந்தைக்குச் சாம்பிராணி காட்ட வந்த பெண்ணை, "வெயில்ல காட்டு, போதும்" என்று அனுப்பிவிட்டார். அவர் நெய்த புடவைகளை எடுக்க வந்த அதே கடைக்காரர் மடிப்பை முகர்ந்துவிட்டு, "இன்னாம்மா வாசன இது, நல்லா இருக்குதே" என்று கேட்டார். தெருவில் யாராவது தறியில் உட்கார்ந்து இருமுகிற சத்தம் கேட்டால் அக்கா உள்ளே நுழைந்துவிடுவார். "ஜன்னலு எங்க?" என்பார். பின்னாலேயே மாமா ஸ்பேனரோடு நிற்பார். இன்று எங்கள் தெருவில் ஏழெட்டு வீட்டில் தறி அறை ஜன்னல் திறந்திருக்கிறது. வெட்டிவேர் விற்பனை எனக்குக் கூடியது. சாம்பிராணி கேட்டு வருகிறவர்களிடம், கொஞ்சமாகப் போடுங்கள், ஜன்னலைத் திறந்து வைத்துப் போடுங்கள் என்று நானே சொல்கிறேன். "கடை வெச்சிக்கினு வேணாம்னு சொல்ற ஆளு ஊருலயே நீ ஒருத்தன்தான்" என்று என் மனைவி சொல்கிறாள்.

சென்ற ஆண்டு ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடித்து, தறி அறையில் ஜன்னலோரம் பாய் போட்டுப் படுத்தார் அக்கா. எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமாவுக்கே தெரியவில்லை. அவ்வளவு சத்தமில்லாத மூச்சு.

செய்தி கேட்டு நான் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். ஓடும்போது பழக்க தோஷத்தில் ஊதுபத்திக் கட்டுகளை அள்ளிக்கொண்டேன். நம் வழக்கம் அதுதானே. ஒரு படியில் அரிசி நிரப்பி, ஒரு கைப்பிடி ஊதுபத்தியைக் கொளுத்தி, அக்காவின் தலைமாட்டில் செருகினேன். வந்தவர்களும் ஆளுக்கொன்று செருகினார்கள். புகை எழுந்து அவர் முகத்தை மறைத்தது. அதுவரை சுவரில் சாய்ந்திருந்த மாமா எழுந்தார். அந்தப் படியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டுபோய் வாசலுக்கு வெளியே வைத்தார். திரும்பி வந்து என்னைப் பார்த்தார்.

"அவளுக்கு ஒத்துக்காது மச்சான். உனக்குத் தெரியாதா?"

இனி என்ன ஒத்துக்கொள்வது, ஒத்துக்கொள்ளாதது என்று யாரும் கேட்கவில்லை. அவர் போய் வெட்டிவேர்த் தட்டியில் ஒரு சொம்புத் தண்ணீர் தெளித்துவிட்டு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அந்தப் படிக்குப் பக்கத்தில் தெருவிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அக்காவுக்கு மூச்சு திரும்பக் காரணமான டாக்டரம்மாவுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. ஒவ்வொரு முறையும் விடுப்பு எடுத்துக்கொண்டு ஓடி வந்த அக்கா மகளுக்கும் மருமகனுக்கும், இறுதி நாளில் தோள் கொடுத்த தெரு இளைஞர்களுக்கும், அடுப்புப் பற்றவைக்காத எங்கள் வீட்டுக்கு மூன்று நாள் சோறு கொண்டுவந்த அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும், அக்காவின் தறியில் பாதியில் நின்ற புடவையை நெய்து முடித்துக் கொடுத்த அவருடைய தோழிக்கும் நாங்கள் பட்டிருக்கும் கடன் தீராது. அந்தப் புடவை ஒரு மணப்பெண்ணிடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன். தறி இன்றும் ஓடுகிறது. அந்தத் தோழிதான் தினமும் வந்து நெய்கிறார். தட்டிக்குத் தண்ணீர் தெளிப்பது மாமா.

கடைசி நன்றி மாமாவுக்கு. மாமா, டாக்டரம்மா அறையில் உங்களை நோக்கி நீட்டிய விரலை, இத்தனை உறவினர் முன்னிலையில் இந்த மலரில் மடக்கிக்கொள்கிறேன். பந்தியில் சொன்னதையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பைப் புகை கெட்டதுதான். நான் கட்டிக் கொடுத்த பொட்டலமும் அதற்குக் குறைந்ததில்லை. நீங்கள் உங்களுடையதை அன்றே வெளியே அனுப்பினீர்கள். நான் என் தவறை வெளியே அனுப்பத்தான் இத்தனை நாளாயிற்று.

இன்று வந்திருக்கும் அனைவரும் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். அக்காவின் படத்துக்கு வெட்டிவேர் மாலை போட்டிருக்கிறோம், விளக்கு ஏற்றியிருக்கிறோம், பக்கத்தில் ஜன்னல் திறந்திருக்கிறது. பூ போட்டு வணங்குங்கள். ஊதுபத்தி வாங்கி வந்தவர்கள் மனம் கோணாமல் அதை வாசலுக்கு வெளியே இருக்கும் அரிசிப் படியில் செருகிவிட்டு உள்ளே வாருங்கள்.

அக்காவுக்கு ஒத்துக்காது.